சென்ற சீசனில் ஒன்றரை மணி நேரம், இந்த வாரம் உடனே பதில்!

வியாழன் கிரகத்தைச் சுற்றிக் கதை நடக்கும் அந்த அறிபுனைத் தொடரின் புதிய சீசன் வந்துவிட்டது. முதல் எபிசோடு வெளியான மறுநாளே கடிதங்கள் குவிந்ததால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம். இன்னும் பார்க்காதவர்கள் பல வீடுகளில் இருப்பார்கள். ஆகவே தொடரின் பெயர், பாத்திரங்களின் பெயர், யார் பிழைத்தார், யார் போனார் என்பதையெல்லாம் கடிதங்களிலிருந்து வெட்டிவிட்டோம். காட்சி மட்டும் மிச்சம்.

தோ பாயோ வாசகர்: சென்ற சீசனில் வியாழனின் யூரோப்பா நிலவில் இருப்பவர்கள் பூமிக்கு ஒரு கேள்வி அனுப்பினால் பதில் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்தக் காத்திருப்பில்தான் ஓர் உயிரே போனது. இந்த எபிசோடில் தளபதியும் பூமியில் உள்ள அவர் மனைவியும் காப்பிக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தது போல் பேசிக்கொள்கிறார்கள். நான் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா?

உங்கள் கவனத்தில் குறையே இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒளி ஒரு நிமிடத்தில் 1.8 கோடி கிலோமீட்டர் போகும். ரேடியோ அலைக்கும் அதே வேகம்தான். தூரத்தைக் கோடிக் கிலோமீட்டரில் எடுத்து 1.8ஆல் வகுத்தால் ஒருவழிப் பயண நிமிடம் கிடைத்துவிடும். பூமியும் வியாழனும் சூரியனுக்கு ஒரே பக்கத்தில் இருக்கும்போது இடைவெளி சுமார் 59 கோடி கிலோமீட்டர், எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும்போது சுமார் 97 கோடி. ஆக, ஒருவழிக்கு 33 முதல் 54 நிமிடம். கேள்வி போய்ப் பதில் வர 1 மணி 6 நிமிடத்திலிருந்து 1 மணி 48 நிமிடம் வரை ஆகலாம். சென்ற சீசனின் ஒன்றரை மணி நேரம் அதற்குள் சரியாக உட்கார்ந்தது. செவ்வாய் வரும் தொடர்களுக்கும் இதே வகுத்தல்தான்: ஒருவழிக்கு 3 முதல் 22 நிமிடம். நிலாவுக்கு ஒன்றேகால் விநாடிக்குச் சற்றுக் கூடுதல்.

தூரத்தை வெல்லும் கற்பனைக் கருவி தப்பே இல்லை. 1966இல் தொடங்கிய ஸ்டார் டிரெக்கில் ஒளியை முந்தும் வானொலி உண்டு, அதை யாரும் குறைசொல்வதில்லை. கதை அதைத் தன் வீட்டுச் சாமான் போல ஆரம்பத்திலேயே எடுத்து வைத்துவிட்டது. 2015 முதல் 2022 வரை வந்த தி எக்ஸ்பேன்ஸ் அப்படிச் செய்யாமல், தூரத்திலிருப்பவர்களைப் பதிவுசெய்த செய்திகளை அனுப்பிக் காத்திருக்க வைத்தது. இரண்டும் நேர்மையான வழி. இந்தத் தொடர் தாமதத்தை வைத்தே ஒரு மரணத்தை எழுதி நம்மை அழவிட்டது. இப்போது மனைவியின் முகம் தேவைப்பட்டதும் தாமதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது போல் தெரிகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இயற்பியலை மீறியதைவிடத் தன் சொந்தச் சட்டத்தை மீறியதுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

தீர்ப்பு எழுதுமுன் இரண்டு சோதனை. ஒன்று, பூமியில் இருப்பவர் அப்போதுதான் சொல்லப்பட்ட ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறாரா, அல்லது பொதுவாகப் பேசுகிறாரா? பொதுவாகப் பேசினால் அது முன்பே பதிவானதாக இருக்கலாம், படத்தொகுப்பாளர் இரண்டு பக்கத்தையும் உரையாடல் போல் கோத்திருக்கலாம். இங்கே தளபதி 'பச்சை' என்றதுமே மனைவி "எது பச்சை?" என்று திருப்பிக் கேட்கிறார், முதல் சோதனையில் தொடர் தோற்றது. இரண்டு, இரு பக்கமும் சுவரில் கடிகாரம் தெரிகிறதா? இந்தக் காட்சியில் தெரியவில்லை. கலை இயக்குநர் வேண்டுமென்றே அதை எடுத்துவிட்டாரோ என்று ஒரு சந்தேகம்.

செங்காங் வாசகி: தலைக்கவசம் உடைந்த பொறியாளர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இருபது விநாடி வெட்டவெளியில் மிதந்துபோய், கதவைத் திறந்து, பொத்தானை அழுத்திக் காற்றை நிரப்பிக்கொள்கிறார். உடல் வெடிக்கவும் இல்லை, உறையவும் இல்லை. என் அண்ணன் "சுத்தப் பேத்தல்" என்கிறான்.

அண்ணன் பாதி சரி. வெடிக்காதது சரிதான், தோலும் தசையும் உடலைக் கட்டிப் பிடித்திருக்கும், வீங்குமே தவிரச் சிதறாது. உறையாததும் சரி. சூட்டை எடுத்துச்செல்லக் காற்று வேண்டும், வெற்றிடத்தில் அது இல்லை. காப்பி ஃபிளாஸ்க்கின் இரட்டைச் சுவருக்கு நடுவே இருப்பதும் வெற்றிடம்தானே.

தப்பு இரண்டு இடத்தில். வெற்றிடத்தில் நுரையீரல் வழியாக ரத்தம் தன் ஆக்சிஜனை இழக்கும். அந்த ரத்தம் மூளைக்குப் போய்ச் சேரும் வரைதான் நினைவு. 1966இல் ஹியூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் உடைச் சோதனை நடந்தபோது ஜிம் லெப்ளாங்க் என்ற தொழில்நுட்பரின் அழுத்தக் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடியில் அவர் நினைவிழந்தார். நாக்கில் எச்சில் கொதித்ததுதான் கடைசியாக நினைவில் இருந்தது என்று பிறகு சொன்னார். உடனே அறைக்குள் காற்றை நிரப்பியதால் பிழைத்துக்கொண்டார். ஆக, பத்தாவது விநாடியில் பொத்தானை அழுத்தியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம், இருபதாவதில் முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் நின்று இழுத்துப் போட்டிருந்தால் காட்சி தப்பித்திருக்கும். விலங்குகளிடம் செய்த சோதனைகளில் ஒன்றரை நிமிடத்துக்குள் காற்றழுத்தம் திரும்பியவை பெரும்பாலும் பிழைத்தன.

இரண்டாவது தப்பு ஆபத்தானது: மூச்சைப் பிடித்தது. வெளியே அழுத்தமே இல்லாதபோது உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். வாயைத் திறந்து காற்றை வெளியே விட்டிருக்க வேண்டும். ஸ்கூபா முக்குளிப்பு கற்றவர்களுக்கு இது முதல் பாடம், மேலே ஏறும்போது மூச்சைப் பிடிக்காதே என்று.

சுவா சூ காங் வாசகர்: விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்குமா?

கேட்காது. ஆனால் கப்பலுக்குள் இருப்பவருக்கு, கப்பலில் மோதிய துண்டின் அதிர்வு உலோகம் வழியாகக் கேட்கும். கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

பொங்கோல் வாசகி: விண்வெளி நிலையத்தின் சக்கரம் நம் சிங்கப்பூர் ஃப்ளையர் ராட்டினம் அளவுதான் தெரிகிறது. ஆடி அசைந்து சுற்றுகிறது. உள்ளே எல்லாரும் ஆர்ச்சர்ட் ரோட்டில் போவது போல் நடக்கிறார்கள். இது நடக்குமா?

ஃப்ளையரையே எடுத்துக்கொள்வோம், இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. சக்கரத்தின் விட்டம் 150 மீட்டர், அதாவது ஆரம் 75. ஒரு சுற்றுக்குச் சுமார் 30 நிமிடம். இதை அப்படியே விண்வெளியில் கொண்டுபோய்ச் சுற்றினால் சுழற்சி ஆளை விளிம்போடு அழுத்துவதால் கிடைக்கும் செயற்கை ஈர்ப்பு பூமியில் உள்ளதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. 60 கிலோ ஆள் ஆறு கிராமுக்கும் குறைவாக உணர்வார். தும்மினால் கூரையில் இடிப்பார்.

பூமி அளவு ஈர்ப்பு வேண்டுமென்றால் ஒரு சுலப வழி: மீட்டரில் ஆரத்தின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள், அத்தனை விநாடிக்கு ஒரு சுற்று. 75க்கு வர்க்கமூலம் 8.7, இரட்டித்தால் சுமார் 17 விநாடி. அரை மணி நேர ராட்டினம் பதினேழு விநாடிக்கு ஒருமுறை சுற்ற வேண்டும்! விளிம்பு மணிக்குக் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

எபிசோடில் இதைச் சோதிக்க, வெளிப்புறக் காட்சியில் சக்கரத்தின் ஒரு விளக்கையோ கதவையோ குறிவைத்து, கால் சுற்று போக எத்தனை விநாடி என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். காட்சி வெட்டப்பட்டால் எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும், வெட்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் போனது என்று யாருக்கும் தெரியாது. ஆரத்துக்கு, ஆள் நுழையும் கதவை இரண்டு மீட்டர் என்று வைத்து அளந்துகொள்ளலாம். இந்தச் சக்கரத்தில் கால் சுற்றுக்கு 15 விநாடி ஆகிறது, முழுச் சுற்றுக்கு ஒரு நிமிடம். ஒரு நிமிடச் சுற்றில் பூமி ஈர்ப்பு வேண்டுமென்றால் ஆரம் கிட்டத்தட்ட 900 மீட்டர் இருக்க வேண்டும். 75 மீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கிடைக்கும், நிலாவில் இருப்பதில் பாதி.

சரி, வேகமாகச் சுற்றவிட்டிருக்கலாமே என்றால் அங்கே வேறு வில்லங்கம். நிமிடத்துக்கு இரண்டு சுற்று வரை பெரும்பாலோர் தாங்குவார்கள் என்பது பொதுவான கணிப்பு. அதற்கு மேல் போனால் தலையைச் சட்டென்று திருப்பும்போதெல்லாம் குமட்டும், பழக நாளாகும். 17 விநாடிச் சுற்று என்பது நிமிடத்துக்கு மூன்றரை. புதிதாக வந்திறங்கிய விருந்தாளி முதல் நாளே மூக்குமுட்டச் சாப்பிடுகிறாரே, அது எங்களுக்கு நம்பிக்கையாக இல்லை.

இன்னொன்று, கைதவறி விழுந்த அந்தக் கோப்பை. 75 மீட்டர் ஆரத்தில் பூமி ஈர்ப்பு என்றால், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் நேர்கீழே விழாது. சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சுமார் 11 சென்டிமீட்டர் தள்ளி விழும். தரை அதற்குள் முன்னே நகர்ந்துவிடுவதுதான் காரணம். ஆரம் 224 மீட்டர் என்றால் 6 சென்டிமீட்டர், 25 மீட்டர் என்றால் 20. எபிசோடில் கோப்பை காலடியில் நேராக விழுந்து உடைந்தது. ஓட்டக் காட்சியிலும் இதே அலட்சியம். சுற்றும் திசையில் விநாடிக்கு மூன்று மீட்டர் ஓடும் 60 கிலோ ஆள் தன்னை 74 கிலோவாக உணர்வார், எதிர்த்திசையில் ஓடினால் 47. இரண்டு பேரும் எதிரெதிரே ஓடிவந்து கட்டிக்கொள்ளும் காட்சியில் இதை எவ்வளவு அழகாகக் காட்டியிருக்கலாம்!

இந்த விஷயத்தில் மேலே நாங்கள் பாராட்டிய தி எக்ஸ்பேன்ஸும் சறுக்கியதுண்டு. சீரிஸ் என்ற குறுங்கோளையே சுழற்றி, பூமியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த ஈர்ப்பை உண்டாக்கியதாகக் கதை. அதற்குச் சீரிஸ் சுமார் 40 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்ற வேண்டும். அதன் சொந்த ஈர்ப்போ பூமியில் 35இல் ஒரு பங்குதான். சுற்று இரண்டேகால் மணி நேரத்துக்குக் கீழே போனாலே நடுக்கோட்டில் இருப்பதெல்லாம் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். ஆனாலும் அந்தத் தொடர் கடைசி வரை அதை மாற்றவில்லை. அங்கே பிறந்தவர்களின் உடல்வாகைக்கூட அந்தப் பொய்யை ஒட்டியே எழுதினார்கள். அதனால் மன்னித்துவிட்டோம்.

அங் மோ கியோ மாணவர்: பூமியிலிருந்து வியாழனுக்கு ஆறே நாளில் போகிறார்கள். நடுவழியில் கப்பல் ஏன் தலைகீழாகத் திரும்பியது?

வேகத்தைக் குறைக்கத்தான். பாதித் தூரம் வரை எஞ்சின் கப்பலை முன்னே தள்ளும். அப்படியே போனால் வியாழனைத் தாண்டி ஓடிவிடும். ஆகவே பாதி வழியில் திரும்பி, எஞ்சினை வியாழன் பக்கம் காட்டி, மீதிப் பாதி முழுக்க எதிர்த்துத் தள்ள வேண்டும். தொடர்ந்து பூமி ஈர்ப்பு அளவுக்கே வேகத்தைக் கூட்டி, பிறகு குறைத்தால் 59 கோடி கிலோமீட்டரைச் சுமார் 5 நாள் 16 மணி நேரத்தில் கடக்கலாம். எழுத்தாளர்கள் கணக்குப் போட்டுத்தான் ஆறு நாள் என்றிருக்கிறார்கள். நடுவழியில் வேகம் விநாடிக்கு 2,400 கிலோமீட்டர். இன்றைய ரசாயன ராக்கெட்டின் புகையே விநாடிக்கு நாலரை கிலோமீட்டர்தான் வெளியேறும் என்பதால் இப்படி ஓர் எஞ்சின் இப்போதைக்குக் கற்பனை. நாசாவின் ஜூனோ விண்கலம் 2011 ஆகஸ்டில் கிளம்பி 2016 ஜூலையில்தான் வியாழனை அடைந்தது. ஆனால் அந்தக் கற்பனை எஞ்சினை முதல் சீசனிலேயே நமக்கு அறிமுகப்படுத்திவிட்டார்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. எஞ்சின் ஓடும்போதுதான் கப்பலில் எடை. அணைத்தால் எல்லாரும் மிதக்க வேண்டும். திரும்பும் அந்த நான்கு நிமிடத்தில் சமையலறைக் குழம்பு கிண்ணத்திலேயே இருந்தது! தரை எப்போதும் எஞ்சின் இருக்கும் பக்கமே இருக்கும் என்பதால் அறைகளின் அமைப்பும் வீவக பிளாக் மாதிரி மாடிமேல் மாடியாக இருக்க வேண்டும், விமானம் மாதிரி நீளவாக்கில் அல்ல. அதை மட்டும் சரியாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஜூரோங் வாசகர்: யூரோப்பாவின் தரையில் மூன்று மணி நேரம் நடந்தார்களே, கதிர்வீச்சு?

நல்ல கேள்வி, தொடர் கண்டுகொள்ளாத கேள்வியும்கூட. வியாழனின் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும் துகள்களால் யூரோப்பாவின் மேற்பரப்பில் நாளொன்றுக்குச் சுமார் 5.4 சீவர்ட் கதிர்வீச்சு (சீவர்ட் என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மூன்று மணி நேரத்துக்கு 0.67. ஒரு விண்வெளி வீரரின் மொத்தப் பணிக்காலத்துக்கும் நாசா வைத்திருக்கும் வரம்பே 0.6 சீவர்ட்தான். உடனே சாகமாட்டார்கள், ஒரு முழு நாள் நடந்தால் சிகிச்சை இல்லாதவர்களில் பாதிப் பேராவது பிழைக்க மாட்டார்கள். துணி உடை இதைத் தடுக்காது. ஜூனோ தன் மின்னணுப் பாகங்களைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறது. பனிக்கட்டிக்கு அடியில் தளம் அமைத்திருப்பது புத்திசாலித்தனம், வெளியே உலா போனதுதான் இல்லை. வெளியே நடந்தே ஆக வேண்டும் என்றால் கதையை வியாழனின் இன்னொரு நிலவான கலிஸ்டோவுக்கு மாற்றியிருக்கலாம்; அங்கே நாளுக்கு 0.0001 சீவர்ட்தான்.

கதாநாயகி பனியில் வழுக்கி விழுவதும் நடக்காது. மைனஸ் 160 டிகிரியில் பனிக்கட்டி கருங்கல் மாதிரி. ஈர்ப்பு பூமியில் 13 விழுக்காடு என்பதால், விழுந்தாலும் மெத்தையில் விழுவது போல மெதுவாகத்தான் விழுவார்.

உட்லண்ட்ஸ் வாசகி: பாதி எபிசோடு கும்மிருட்டு. டிவி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. இந்த வரிசையில் பாருங்கள். முதலில் திரைச்சீலை: மாலை நான்கு மணிக்கு மேற்குப் பக்கச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு விண்வெளி பார்க்க முடியாது. அடுத்து டிவியின் மின்சேமிப்பு அமைப்பையும் அறை வெளிச்ச உணரியையும் அணையுங்கள். இவை இரண்டும் உங்களைக் கேட்காமலேயே திரையை மங்கச் செய்பவை. பட அமைப்பை 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'மூவி'க்கு மாற்றினால், விநாடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தை மெகா சீரியல் போல் வழவழப்பாக்கும் அசைவுச் சீராக்கமும் கூடவே போய்விடும். போகாவிட்டால் தனியாக அணைக்கலாம்.

பிறகு 'பிரைட்னஸ்'. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பல டிவிகளில் அது கறுப்பின் அளவைத்தான் மாற்றுகிறது. படத்தின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை சாம்பல் நிறமாகத் தொடங்கும் வரை கூட்டி, பிறகு இரண்டு படி குறையுங்கள். அதற்குமேல் கூட்டினால் இருட்டு வெளுக்குமே ஒழிய விவரம் தெரியாது. இணையத் தொடர்களுக்குத் தனிப் பெட்டி வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ வீச்சு (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவு) பெட்டியிலும் டிவியிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒன்று 'ஃபுல்', மற்றது 'லிமிடெட்' என்றால் நிழல் எல்லாம் ஒரே மையாகிவிடும்.

இருட்டில் படிக்கட்டு மாதிரிக் கோடுகளும் கட்டங்களும் தெரிந்தால் கோளாறு டிவியில் இல்லை, இணையத்தில். 4கே படத்துக்கு விநாடிக்கு 15 மெகாபிட் தொடர்ந்து வர வேண்டும். ஃபைபர் இணைப்புக்கு அது தூசு; ஆனால் ரூட்டரை வீட்டுப் பாதுகாப்பு அறைக்குள், அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருப்பவர்கள் ஏராளம். குண்டைத் தாங்கக் கட்டிய கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை மட்டும் விட்டுவிடுமா? வெளியே எடுத்து வையுங்கள், அல்லது டிவிக்கு ஒரு லேன் கம்பி இழுங்கள். டிவியின் லேன் துளை வெறும் 100 மெகாபிட் என்றாலும் போதும்.

பிடோக் வாசகர்: வசனம் முணுமுணுப்பு, வெடி மட்டும் அண்டை வீட்டாரை எழுப்புகிறது. இரவு பத்தரைக்கு மேல்தான் எனக்கு நேரம்.

டிவியின் சொந்த ஒலிபெருக்கி மட்டும் இருந்தால், ஒலிப் பட்டியலில் '5.1' (ஆறு ஒலிபெருக்கிகளுக்கான ஒலி) என்பதை விட்டுச் சாதா ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். 5.1இல் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கு என்று ஒதுக்கப்படும். உங்களிடம் அது இல்லை, ஆகவே இரண்டில் பிரித்துக் கரைக்கும்போது இசைக்கு அடியில் போய்விடுகிறது. சவுண்ட்பார் இருந்தால் 'நைட் மோடு' போடுங்கள், பெரிய சத்தம் தணிந்து சிறிய சத்தம் உயரும். தரையில் நேராக உட்கார்ந்திருக்கும் சப்வூஃபரின் அடியில் தடித்த ஸ்பாஞ்சு வையுங்கள். கீழ்வீட்டுக்கு இறங்குவது அந்த அடித்தொனிதான்.

துணையெழுத்து போடுகிறவர்கள் 'சிசி' என்று குறித்ததைத் தவிர்த்துச் சாதாரண ஆங்கிலத்தை எடுங்கள். சிசியில் பேசுபவர் பெயரும் வரும். முகமூடிக்காரர் யார் என்பது முகமூடி கழலும் முன்பே திரையின் அடியில் எழுத்தாக வந்து நின்றதாம், இரண்டு கடிதங்களில் அழுதிருக்கிறார்கள்.

தெம்பனிஸ் வாசகி: முன்னோட்டத்தில் மாலை 4 மணி என்றார்கள். 3 மணிக்கே வந்து, நான் வேலை முடிந்து வருவதற்குள் குழுவில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள்.

அமெரிக்க மேற்குக் கரையில் நள்ளிரவு 12 மணி என்பதுதான் தொடரை வெளியிடுபவர்களின் கணக்கு. குளிர்காலத்தில் அது நமக்கு மாலை 4. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதால் 3 ஆகிவிடும்; நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி 4. பிரிட்டிஷ் தொடர்களுக்கு மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. கடைசியாகக் கடிகாரத்தை மாற்றியது 1981 டிசம்பர் 31 இரவு, பதினொன்றரை மணி நேராகப் பன்னிரண்டானது. சிங்கப்பூர் முழுவதும் ஒரே நொடியில் அரை மணி நேரம் எதிர்காலத்துக்குத் தாவிய அந்த இரவை வைத்து ஏன் இன்னும் யாரும் தொடர் எடுக்கவில்லை?

புக்கிட் பாத்தோக் வாசகர்: குறுங்கோள் வளையத்தில் பாறைகளை வளைந்து நெளிந்து தவிர்த்தது?

சினிமா. ஒரு கிலோமீட்டர் பாறையை ஒரு கொத்துக்கடலை என்று வையுங்கள். ஒன்று தேக்காவில் இருந்தால் அடுத்தது பிடோக்கில். விமானி கண்ணை மூடிக்கொண்டே போகலாம்.

ஈசூன் வாசகி: நண்பர்களுக்காக ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு குறிப்பு எழுதுகிறேன். கதையைச் சொல்லிக்கொண்டே போவதாகக் குறை சொல்கிறார்கள்.

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். உறுத்திய இடத்தில் நேரத்தையும் ஒரு சொல்லையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், "23:10 கோப்பை" என்பது போல. இரண்டாம் தடவை அந்த இடங்களில் மட்டும் நிறுத்தி, திரை காட்டியது என்ன, பாத்திரம் சொன்னது என்ன, நீங்களாக ஊகித்தது என்ன என்று பிரித்தெழுதுங்கள். சண்டைகளில் பாதி மூன்றாவதை முதலாவது என்று நினைப்பதால் வருவது. எழுதும்போது முன்னோட்டத்தில் வந்தவற்றை மட்டும் முதல் பத்தியில் வையுங்கள், திருப்பங்கள் ஓர் எச்சரிக்கை வரிக்குப் பிறகு. குறைகளை வகை பிரியுங்கள்: இயற்பியல் தப்பு, தொடர் தன் சட்டத்தையே மீறிய தப்பு, பாத்திரம் தன் குணத்துக்கு மாறாக நடந்த தப்பு. முதல் வகைக்கு ஒரு வரி போதும். மற்ற இரண்டுக்கும்தான் இடம் கொடுக்க வேண்டும்.

பழைய தொடர்களை எழுதும்போது ஒரு கண்ணி உண்டு. நம் பக்கத்து பழைய டிவிடிகளில் பால் (PAL) என்ற பழைய தொலைக்காட்சி முறையில் வந்தவை உண்டு. அவற்றில் விநாடிக்கு 24 சட்டகம் 25 ஆக ஓடுவதால் 45 நிமிட எபிசோடு 43 நிமிடம் 12 விநாடியில் முடிந்துவிடும், குரலும் சற்று உச்சத்தில் ஒலிக்கும். டிவிடி நேரத்தை இணையப் பதிப்போடு ஒப்பிட, 1.04ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கிளமெண்டி வாசகர்: கடைசிப் பெயர்ப்பட்டியலுக்குப் பிறகு ஒரு காட்சி இருந்ததாமே? எங்கள் வீட்டில் வரவில்லை.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் திரை சுருங்கி அடுத்த தொடரின் விளம்பரத்துக்குத் தாவியிருக்கும். சுருங்கிய படத்தின் மேல் ஒரு தடவை அழுத்தினால் பெரிதாகும். நிரந்தரமாக நிறுத்த, கணக்கு அமைப்பில் உங்கள் சுயவிவரத்துக்குள் போய், அடுத்ததைத் தானாக ஓட்டும் தேர்வை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுயவிவரத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

காட்சி நாற்பது விநாடிதான். தோ பாயோ வாசகர் கட்டாயம் பாருங்கள், சுவரில் கடிகாரம் தெரிகிறது.